இருபது மரமும் ஒரு மாமாவும்

பிராசோ செக்கோ
13 செப்டம்பர் 2014

வடக்கு மலைத்தொடரின் வருங்கால விஞ்ஞானியும், என் அக்காவின் ஒரே வாரிசும், மாமா நலமா என்று ஒரு வரிகூடக் கேட்காதவளுமான செல்வி ஜசிந்தாவின் திருச்சமூகத்துக்கு,

தாய்மாமன் சிக்ஸ்டோ லெசாமா எழுதிக்கொள்வது. உன் கடிதம் திங்கள்கிழமை மாக்ஸி வேனில் வந்து சேர்ந்தது. வண்டிக்காரன் அடித்த ஹாரனில் என் கோழிகள் மூன்று முட்டையிடும் தொழிலையே விட்டுவிட்டன. ரம் கடை மார்செலினோ, "என்ன சிக்ஸ்டோ, போர்ட் ஆஃப் ஸ்பெயின்லேர்ந்து கடுதாசி? போலீஸா, கல்யாணமா?" என்றான். "உயிரியல்" என்றேன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். குணமாகாத வியாதி என்று நினைத்திருக்கிறான், பாவம்.

பரிசோதனைக்கு இருபது கோகோ மரம் இரவல் கேட்டிருக்கிறாய். ஏன் இப்படிக் கஞ்சத்தனமாகக் கேட்கிறாய்? என் தோட்டத்தில் நாற்பதாயிரம் மரம் நிற்கிறது. (உன் அம்மா நானூறு என்பாள். பட்டணம் போனவளுக்குக் கண் மங்கிவிட்டது.) இருபதையும் எடுத்துக்கொள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் வருகிற அந்த ஆறாம் படிவ வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று விவரமாக எழுது. நான் அறிந்த வரையில் முதல் வாரம் தவளையை அறுப்பீர்கள், அடுத்தது முயல், கிறிஸ்துமஸுக்குள் எருமை. இரண்டாம் வருடம் ஒரு முழு மனிதரைத் துண்டு துண்டாகக் கொடுத்துத் திரும்பப் பொருத்தச் சொல்வார்கள். சரிதானே? ஊரில் நான் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். தவறாக இருந்தால், இனி மாற்றுவது கஷ்டம்.

உன் பேரன்புள்ள,
சிக்ஸ்டோ மாமா

*

பெல்மான்ட், போர்ட் ஆஃப் ஸ்பெயின்
20 செப்டம்பர் 2014

அன்புள்ள மாமா,

நலமா? (கேட்டுவிட்டேன்.)

தவளை இல்லை. முயல் இல்லை. எருமை இல்லவே இல்லை. மூன்று வாரமாக வெங்காயத் தோலைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம். கெட்டிப் பென்சிலால், ஒரே கோட்டில், நிழல் போடாமல். பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. எத்தனை மடங்கு பெரிதாக வரைந்தோம் என்று கீழே எழுத வேண்டும். என் செல்லில் உட்கரு தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கிறதே என்று நானாக ஒன்றைப் போட்டேன். ராக்பீர் டீச்சர் அதன்மேல் விரலை வைத்து, "இத எங்கம்மா பார்த்த?" என்றார்.

"புத்தகத்துல, டீச்சர்."

"அப்போ புத்தகத்துக்கு மார்க் போட்டுடறேன். உனக்கு முட்டை."

முதல் நாளே சொல்லிவிட்டார்: "இருபத்திரண்டு பேர் இருக்கீங்க. அடுத்த வருஷம் பாதிப்பேர் மிஞ்சினா எனக்கே ஆச்சரியம். மனப்பாடம் பண்ணிப் பாஸானவங்க கையத் தூக்குங்க. ம். இனி அது சோறு போடாது." உண்மைதான். நாங்கள் பார்த்தே இராத ஒரு நண்டைப் பற்றிப் பார்த்தே இராத ஒரு வரைபடத்தைக் கொடுத்து, ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். வாரம் ஒரு செய்முறை. அதை எழுதி முடிக்க ஞாயிறு முழுவதும் போகிறது. பாதிப் பாடம் கணக்கு. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை!

மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு சொந்த ஆய்வுக்கு. அதற்குத்தான் உங்கள் மரம். கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய ஒரு குட்டி ஈ. அது ஈரமாக அழுகும் குப்பையில்தான் பெருகும். காயை உடைத்தபின் எறிகிற ஓட்டை மரத்தடியில் குவித்து வைத்தால் அதிகப் பூ பிஞ்சாகுமா? இதுதான் என் கேள்வி. ஒன்று முதல் பத்து வரையுள்ள மரங்களின் அடியில் அழுகின ஓட்டைக் குவியுங்கள். பதினொன்று முதல் இருபது வரை தரையைச் சுத்தமாக வையுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மீட்டர் தண்டுக்கு மேலும் கீழும் சிவப்பு நூல் கட்டி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அதற்குள் இருக்கிற பூவையும் புதுப் பிஞ்சையும் எண்ணித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை எனக்குச் செய்முறை வகுப்பு, வர முடியாது. உங்கள் போனோ கோயில் படியில் ஒற்றைக் காலில் நின்றால்தான் பேசும். டீச்சருக்கும் எண்ணியவர் கைப்பட எழுதிய தாள்தான் வேண்டுமாம். அதனால் கடிதம்.

மாமா, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இட்டுக்கட்டிய எண் ஒன்று இருந்தாலும் பாடமே ரத்து. இரண்டாம் வருடத்தில் இடம் கிடையாது. இடமில்லை என்றால் பல்கலைக்கழகம் கிடையாது. எதையும் மாற்றாதீர்கள், எதையும் கூட்டாதீர்கள்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
12 அக்டோபர் 2014

வெங்காயத் தோலின் பேரரசிக்கு,

இரண்டு சனிக்கிழமைத் தாள்கள் இத்துடன். காலை ஆறு மணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதை இப்போதுதான் நேரில் கண்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.

கோகோப் பூவை எண்ணுவது என்ன லேசான காரியமா? சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும், மரத்தின் தோலோடு ஒட்டி நிற்கும், மூச்சு விட்டால் உதிரும். மூச்சு விடாமலே இருபது மரத்தையும் எண்ணினேன். பதினேழாவது மரத்தில் என் முகம் நீலமாகிவிட்டது என்று அந்த வழியாகப் போன ஒரு அகூட்டிக் காட்டெலி சாட்சி சொல்லும். உன் குட்டி ஈயையும் பார்த்தேன். அதில் ஒன்று என்னை முறைத்தது.

சிவப்பு நூல் கட்டியதைப் பார்த்துவிட்டு மார்செலினோ, "எவன் கண்ணு பட்டுச்சு உன் மரத்துக்கு? யார்கிட்ட மந்திரிச்ச?" என்று கேட்கிறான். அறிவியல் என்று சொன்னேன். "அதுக்கும் ஒரு கோழி கேப்பாங்களா?" என்கிறான்.

ஆய்வுலகின் தலைமை எண்ணாளர்,
சி. லெசாமா

*

பெல்மான்ட்
25 அக்டோபர் 2014

மாமா,

எட்டாம் எண் மரத்துக்கு நேரே "ஏராளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏராளம் எண் அல்ல. பதின்மூன்றுக்கு நேரே "வழக்கம்போல் சோம்பேறி." அதுவும் எண் அல்ல. ஓரத்தில் உங்களை முறைத்த ஈயின் படம். அதில் நிழல் வேறு போட்டிருக்கிறீர்கள்!

தாளில் எண் மட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
23 நவம்பர் 2014

எண்ணரசியே, சிரிப்பைத் தடைசெய்த சீமாட்டியே,

இந்த வாரம் நடந்ததை எழுத ஒரு கடிதம் போதாது. புதன்கிழமை பெய்த மழையில் ஆறு எழுந்து நின்று, மலைமேல் இருக்கிற கோயிலுக்குள் போய், பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியது. மார்செலினோவின் கழுதை மிதந்து கடல்வரை போய், படகில் டிக்கெட் எடுத்து வந்தது. இடி விழுந்த வேகத்தில் என் வீட்டுக் கடிகாரம் 1987-க்குப் போய்விட்டது. இம்மோர்ட்டெல் நிழல்மரத்தின் பெரிய கிளை முறிந்து உன் பதினான்காம் எண் மரத்தின்மேல் விழுந்து அதை வேரோடு சாய்த்துவிட்டது. ஒரு மலைப்பாம்பு என் கட்டிலில் படுத்துப் போர்வையை விடமாட்டேன் என்றது. இருவரும் பேசி, ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

இந்த வாரத் தாளில் பதினான்குக்கு எதிரே கோடு போட்டிருக்கிறேன். வேறு என்ன போட? சொல்லி அனுப்பு.

சிக்ஸ்டோ மாமா

*

பெல்மான்ட்
29 நவம்பர் 2014

மாமா,

எனக்கு வியாழக்கிழமை சுவாசம் பற்றித் தேர்வு. நாற்பதுக்குப் பதினாறு. ஐந்தாம் படிவத்தில் வகுப்பில் முதல் இடம் எனக்கு, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பாடத்தில் அந்த ஜசிந்தாவை யாருக்கும் தெரியாது. வகுப்பில் ஏற்கெனவே நாலு பேர் போய்விட்டார்கள், ஒருத்தி பூகோளத்துக்கு மாறிவிட்டாள்.

இந்த நிலைமையில் நீந்தும் கழுதையும் போர்வை கேட்கும் பாம்பும்! பதினான்காம் எண்ணில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்றால் நேராகச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மரத்தைச் சாய்க்க வேண்டாம். இருபது மரம் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபது மரம், இருபது எண். கதை வேண்டாம்.

ஜனவரி பத்தாம் தேதி ராக்பீர் டீச்சர் என்னோடு தோட்டத்துக்கு நேரில் வருகிறார். எல்லாரது ஆய்வு இடத்தையும் பார்க்கிறாராம். அதுவரை தயவுசெய்து ஒழுங்காக இருங்கள்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
21 டிசம்பர் 2014

மாண்புமிகு மருமகளுக்கும், வரப்போகும் மாண்புமிகு டீச்சருக்கும் கிறிஸ்துமஸ் வணக்கங்கள்,

தாளில் எண் மட்டுமே இருக்கிறது, பார்த்துக்கொள். இருபது மரம், இருபது எண். கோடு இல்லை, கதை இல்லை, ஈ இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதியதில் இவ்வளவு அலுப்பூட்டும் தாள் இதுதான்.

வீட்டுக்குப் புதுத் திரை போட்டாயிற்று, சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாய்ப் பாடிவரும் பராங் பாட்டுக்காரர்களுக்காக வழியெல்லாம் புல் செதுக்கியாயிற்று. ஆனால் அதெல்லாம் மார்செலினோ கூட்டத்துக்கு. உன் டீச்சருக்கு நான் செய்து வைத்திருப்பது வேறு. என் அப்பா காலத்திலிருந்து இந்தத் தோட்டம் இப்படி மின்னியதில்லை. ஆளுநர் மாளிகைத் தோட்டக்காரன் பார்த்தால் வேலையை விட்டு ஓடுவான். படித்த பெண்மணி ஒருத்தர் பட்டணத்திலிருந்து மலையேறி வந்து மூக்கைச் சுளித்தார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. நீ தலை நிமிர்ந்து நடக்கலாம்.

வாழையிலையில் சோளமாவும் கறியும் மடித்து, பாஸ்டெல் நூற்றைம்பது கட்டிவைத்திருக்கிறேன். (பதினைந்து. நீ எண் கேட்பவள் என்பதால்.)

சிக்ஸ்டோ மாமா

*

பெல்மான்ட்
11 ஜனவரி 2015

மாமா,

நேற்று திரும்பி வரும்போது, மலையடியில் அரிமா ஊர் வரும் வரைக்கும், டீச்சர் வண்டியில் மடியில் உங்கள் தாள்களை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார்.  

"பதினாலாம் நம்பர் மரம் எங்கே?" என்று அவர் கேட்டபோது நீங்கள் தொப்பியைக் கழற்றி வானத்தைக் காட்டினீர்கள். அங்கே ஒரு பள்ளமும் அடுக்கிய விறகும். ஜனவரி மூன்றாம் தேதித் தாளில் அந்த மரத்தில் முப்பத்தொரு பூ, நாலு பிஞ்சு. ஊர் திரும்பியதும் டீச்சர் வண்டியைவிட்டு இறங்கும்போது சொன்னது இது: "செத்த மரம் நாலு பிஞ்சு விட்டிருக்கு. இத நாம பத்திரிகைக்கு அனுப்பணும், ஜசிந்தா."

ஆனால் அதுகூட இல்லை. அந்த ஓட்டுக் குவியல்! ஒன்று முதல் பத்து வரை எங்கேயும் ஒரு ஓடு இல்லை. தரையைத் துடைத்தே வைத்திருந்தீர்கள். "உங்களுக்காகத்தான் டீச்சர், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஒரு துண்டு விடாம வாரி எரிச்சிட்டேன்" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்! கையில் பாஸ்டெல் தட்டு வேறு. மாமா, அந்தக் குப்பைதான் பரிசோதனை! மரம் இல்லை, பூ இல்லை. குப்பை!

குவியலே இல்லாத மூன்று வாரத்துக்கு முன்னைவிட அதிகப் பிஞ்சு எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்தா?

நாளை மதியம் டீச்சர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்வார் என்று தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பதில் எழுத வேண்டாம்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
18 ஜனவரி 2015

ஜசிந்தா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

மரம் உண்மையிலேயே விழுந்தது. நவம்பர் 19, மாலை நாலு மணி இருக்கும். நான் சொன்னேன், நீ நம்பவில்லை. குறை சொல்லவில்லை. கழுதைக்கும் பாம்புக்கும் நடுவில் வைத்துச் சொன்னால் எவள் நம்புவாள்? இருபது எண் வேண்டும் என்று எழுதினாய். பத்தொன்பதைக் கொடுத்து உன்னை மாட்டிவிடக் கூடாது என்று பதினான்குக்குப் பக்கத்து மரத்தைப் பார்த்து ஒரு எண் போட்டேன். முதல் தடவை அதை எழுத அரை மணி நேரம் ஆனது. அப்புறம் ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பிடிக்காத விஷயம்.

குப்பை சங்கதி. நீ எதையும் மாற்றாதே என்றாய். மரத்தைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். குப்பையை எவனாவது கணக்கில் எடுப்பானா? வீட்டுக்கு ஆள் வரும்போது குப்பை வாரத்தானே வேண்டும்! டிசம்பர் 15 அன்று வாரினேன். 20-ஆம் தேதி எண்ணினால் முதல் பத்து மரத்தில் பிஞ்சு குறைந்திருந்தது. 27-இல் இன்னும் குறைந்தது. ஜனவரி 3-இல் பத்து மரத்துக்குமாகச் சேர்த்து ஒன்றோ இரண்டோ. என் மரம் உன் மானத்தை வாங்குகிறது என்று நினைத்தேன். டீச்சர் வரும் நேரத்தில் இப்படியா என்று கோபம் வந்தது. அதனால் கொஞ்சம் தூக்கிப் போட்டேன். கொஞ்சம் இல்லை. நிறைய.

ஏன் குறைந்தது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எண்ணுவதற்கு வேறு ஆளைப் போடு. நான் வேலையிலிருந்து விலகுகிறேன். டீச்சர் என்ன சொன்னார் என்று மட்டும் தெரியப்படுத்து.

சிக்ஸ்டோ

*

பெல்மான்ட்
24 ஜனவரி 2015

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு கத்தினேன். அம்மா ஓடி வந்துவிட்டாள்.

குறைந்ததா? குவியலை எடுத்ததும் வாரத்துக்கு வாரம் குறைந்ததா? மாமா, அதுதான் விடை! வகுப்பில் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் அப்படி ஒரு முடிவு கிடைக்கவில்லை. அது தானாக உங்கள் கண்முன் நடந்திருக்கிறது, நீங்களே எண்ணியிருக்கிறீர்கள், எண்ணிவிட்டு என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அழித்துவிட்டீர்கள். அந்த உண்மையான எண்கள் எங்காவது இருக்கிறதா? சுவரில், தீப்பெட்டியில், எங்கேயாவது? இருக்காது. தெரியும். ஞாபகத்திலிருந்து எழுதி அனுப்பாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

டீச்சர் அறையில் நடந்தது: நான் உட்காரும் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் மரம் விழுந்ததைச் சொன்னதையும், நான் "இருபது எண் வேண்டும்" என்று எழுதியதையும். அந்தப் பாதித் தப்பு என்னுடையது. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

டீச்சர் கைக்குட்டை நீட்டவில்லை. "இன்னும் நீ இத ஒப்படைக்கல. ஒப்படைச்சிருந்தா நானே உன் பேர அடிச்சிருப்பேன்" என்றார். "தாள் எதையும் கிழிக்காத. ஒத்தக் கோடு போட்டு அடி, கீழ இருக்கறது தெரியணும். என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுது. உன் தப்பையும் சேத்து. அப்புறம் முதல்லேர்ந்து எண்ணு. எட்டு சனிக்கிழமை இருக்கு." எட்டு வாரம் போதுமா என்றேன். "போதாது. வேற வழி இருக்கா?"

வேறு ஆள் இல்லை, மாமா. அந்த ஊரில் காலை ஆறு மணிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவை எண்ணுகிற பைத்தியக்காரர் ஒருவர்தான். ஓட்டைத் திரும்பக் குவியுங்கள். பதினான்குக்குப் பதிலாக ஒரு மரம், அதற்கு எண் 21. முதல் தாள் 31-ஆம் தேதி. இரண்டு தடவை செய்முறை வகுப்பை விட்டுவிட்டு நான் சொல்லாமல் வந்து நிற்பேன். அது டீச்சர் சொன்னதல்ல. நான்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
15 பிப்ரவரி 2015, கார்னிவல் ஞாயிறு

கொடுங்கோல் அரசிக்கு,

நேற்று கார்னிவல் சனிக்கிழமை. இந்தத் தீவில் இரண்டு கால் உள்ள சகல ஜீவராசிகளும் பட்டணத்தில் ஆடிக்கொண்டிருந்தன. நான் கோகோ மரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வா சிக்ஸ்டோ, மரம் எங்கயும் ஓடிடாது" என்றான் மார்செலினோ. "அதான் ஒண்ணு ஏற்கெனவே போச்சே" என்றேன்.

தாளைப் பார்ப்பாய். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். மழை நின்று மூன்று வாரமாகிறது. குவியல் முறுக்கு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. எந்த மானமுள்ள ஈ அதில் குடித்தனம் நடத்தும்? ஆறாம் எண் மரத்தடியில் நின்றபோது பூஜ்யத்தை எட்டாக்க ஒரு சுழி போதும் என்று என் பேனா என்னிடம் சொன்னது. பேனாவைப் பையில் போட்டுவிட்டு, பென்சிலால் எழுதினேன். அதனால்தான் அந்த வரி மங்கல்.

உன் படிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒன்றுமே நடக்காததை எழுதுவதற்கா அங்கே இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள்? கடவுளே, எவ்வளவு கஷ்டமான வேலை!

சி. லெசாமா

பி.கு. அதற்கு முந்தின சனிக்கிழமை நீ வாழைத்தோப்புக்குள் ஒளிந்து நின்று பார்த்ததை நானும் பார்த்தேன். உன் மஞ்சள் சட்டை அடுத்த மலைக்கே தெரியும்.

*

பெல்மான்ட்
28 மார்ச் 2015

அன்புள்ள மாமா,

எட்டுத் தாளும் கூட்டியாயிற்று. ஓடு குவித்த பத்து மரத்தில் 61 பிஞ்சு. சுத்தமான பத்தில் 54. அதற்கு ஒரு சோதனைக் கணக்கு உண்டு, விடை 3.84-ஐத் தாண்டினால்தான் வித்தியாசம் உண்மையானது என்று சொல்லலாம். எனக்கு வந்தது 0.43. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஆகவே முடிவு: "ஓட்டுக் குவியலால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை." அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நேற்று ஒப்படைத்தேன்.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
4 ஏப்ரல் 2015

ஜசிந்தா!

வித்தியாசம் காணப்படவில்லையா? அறுபத்தொன்று பெரிதா, ஐம்பத்துநாலு பெரிதா? அந்த 3.84 யார்? அவரை இங்கே அனுப்பு, ஒரு சனிக்கிழமை எழுப்பிக் காட்டுகிறேன்! குப்பையில் ஈ பெருகும், ஈ பெருகினால் காய் பெருகும். இது எனக்குத் தெரியும், டிசம்பரில் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் கெடுத்தேன். நீ இல்லை என்று எழுதிவைத்தால் பொய் ஆகாதா?

கார்னிவலை இழந்தேன், தவக்காலம் முழுக்க விடியற்காலைப் பனியில் நனைந்தேன், கடைசியில் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கா? சும்மா இருந்திருந்தாலே அந்த ஒன்றுமில்லை கிடைத்திருக்குமே!

உனக்கு இடம் கிடைக்காமல் போனால் நான் உன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

சிக்ஸ்டோ மாமா

*

பெல்மான்ட்
13 ஜூன் 2015

அன்புள்ள மாமா,

இல்லை என்று எழுதவில்லை. காணப்படவில்லை என்று எழுதினேன். எட்டு வாரம், காய்ந்த குவியல், கொஞ்சம் பூ. மழைக்காலத்தில் இன்னும் நீண்ட நாள் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. டிசம்பரில் நீங்கள் கண்டதையும் எழுதினேன். "எண் இல்லை, ஆகவே ஆதாரமாகக் கொள்ளவில்லை" என்று.

இதை நான் கோபப்படாமல் உங்களுக்கு விளக்குவதற்கு இரண்டு மாதம் தேவைப்பட்டது. நடுவில் பரீட்சை வேறு. இப்போது சொல்லவந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வுக்கு அறுபதுக்கு நாற்பத்தொன்பது. வகுப்பில் அது மூன்றாவது. இரண்டாம் வருடத்துக்குப் பதினொரு பேர் போகிறோம். பட்டியலில் என் பெயர் ஏழாவதாக இருந்தது. கீழிருந்து மேலாகப் படித்ததால் சீக்கிரம் வந்துவிட்டது.

டீச்சர் ஆய்வேட்டில் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையால் சண்டை போட்டிருக்கிறார். வரைபடத்தின் அச்சு தவறு, முன்னுரை நீளம், இந்த வாக்கியம் எதற்கு, இப்படி. தப்பு நடந்ததைப் பற்றி எழுதிய பக்கத்திலும், கார்னிவல் சனிக்கிழமை பென்சில் தாளிலும் மட்டும் ஒரு திருத்தமும் இல்லை. பென்சில் தாளின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்: "நம்புகிறேன்."

அடுத்த வருட ஆய்வையும் அங்கேயே செய்யலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். மழைக்காலம் முழுவதும், இருபத்து நாலு வாரம். "எண்ணறவர் அதே ஆள்தானா?" என்றார். ஆமாம் என்றேன். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, "அந்த பாஸ்டெல்ல என்ன போடறார்னு கேளு" என்றார்.

அவசரம் இல்லை. ஆனால் முதல் சனிக்கிழமை ஜூலை நாலாம் தேதி.

ஜசிந்தா

*

பிராசோ செக்கோ
21 ஜூன் 2015

இரண்டாம் வருடத்தின் ஒளிவிளக்கே, பதினொருவரில் ஒருத்தியே,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ரம் கடைக்குப் போனேன். இந்த ஒரு தடவை கூட்டவும் மாட்டேன் கழிக்கவும் மாட்டேன் என்று வழியெல்லாம் சபதம் செய்தேன். உள்ளே நுழைந்து, மொத்தக் கடைக்கும் கேட்கும்படி, "என் மருமகள் அறுபதுக்கு நாற்பத்தொன்பது!" என்று சொன்னேன்.

மார்செலினோ பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "அய்யோ பாவம், பொண்ணு ஃபெயிலா?" என்றான்.

"நாற்பத்தொன்பதுடா!"

"நீ நாப்பத்தொன்பதுன்னா, இருபத்தஞ்சு இருக்கும். பரவால்ல சிக்ஸ்டோ, மனசத் தளர விடாத. அடுத்த தடவ பாத்துக்கலாம்." இரண்டு பேர் வந்து என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். ஒருவன் எனக்கு வாங்கிக்கூடக் கொடுத்தான், துக்கத்துக்கு.

ஐம்பத்தாறு வருடத்தில் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். இருபத்து நாலு மதிப்பெண் நஷ்டம். உன் மதிப்பெண்!

கடிதத்தைக் காட்டியிருக்கலாம்தான். ஆனால் அதில் நடந்த தப்பைப் பற்றியும் வருகிறது. அது குடும்பத்துக்குள் இருக்கட்டும். வெளியே வந்து, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி, சபதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். "கணக்கு தப்பாச் சொல்லிட்டேன். அறுபதுக்குத் தொண்ணூற்றெட்டு. பரீட்சை வச்சவங்களே எழுந்து நின்னு கை தட்டினாங்க" என்றேன்.

மார்செலினோ கண்ணை மூடி விரலை மடக்கி எண்ணினான். "அப்படின்னா நாப்பத்தொன்பது இருக்கும்" என்றான். "பரவால்லயே! கெட்டிக்காரப் பொண்ணு!"

இந்த ஊரில் உண்மை போய்ச் சேர வேண்டுமென்றால் அதுதான் வழி. நான் என்ன செய்ய?

ஆனால் தாள் வேறு. ஜூலை நாலு, காலை ஆறு மணிக்கு முதல் மரத்தடியில் இருப்பேன். பூஜ்யம் இருந்தால் பூஜ்யம். தாளில் நான் எழுதியதைப் பாதியாக்கிப் படிக்க உன் டீச்சர் மார்செலினோ இல்லை. அந்தப் பெண்மணி எழுதியபடியே நம்பிவிடுகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

சிக்ஸ்டோ மாமா